மூலை உடைந்த ஸ்லைடு

வெள்ளிக்கிழமைகளில் என் கைப்பைக்குள் வெங்காயம் இருக்கும்.

வீட்டில் அதற்கு இடமில்லை. போளூரை அடுத்த திருமலைக்குப் பக்கத்தில் என் பிறந்த ஊரில், எங்கள் சமண நயினார் வீடுகள் சிலவற்றில் மண்ணுக்கு அடியில் விளைவது எதுவும் இன்றைக்கும் அடுப்பேறுவதில்லை. பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டும் முடித்துவிடுவோம். கல்யாணமாகி ஆரணிக்கு வந்தபோது சீர்வரிசையோடு இந்த இரண்டு பழக்கமும் சேர்ந்தே வந்தன. அப்படிப்பட்டவள் பள்ளிக்கூடத்தில் தாவரவியல் டீச்சராகி, வாழ்க்கையில் பாதி நாள் வெங்காயம் உரித்துக்கொண்டு நிற்கிறேன். விதி என்பார்கள் சிலர். பாடத்திட்டம் என்பேன் நான்.

மார்க்கெட்டில் காய்க்கார அம்மாவுக்கு இது தீராத வேடிக்கை. "இன்னா டீச்சரம்மா, வூட்ல சேக்கறதில்லன்னு சொல்லிகினு வாராவாரம் வாங்கினு போறீங்க? யாருக்கும் தெரியாம துன்றீங்களா?"

"பொண்ணுங்களுக்குங்க."

"பொண்ணுங்க துன்றதுக்கா?"

"பாக்கறதுக்கு."

"அய்ய! வெங்காயத்துல பாக்க இன்னா இருக்குது?"

என்ன இருக்கிறது! ஓர் இதழை ஒடித்தால் உள்பக்கம் ஒரு சவ்வு உரிந்து வரும், மூச்சு பட்டால் மடிந்துகொள்ளும். அதைக் கண்ணாடித் துண்டில் பரப்பி, ஒரு சொட்டுச் சாயம் விட்டு, மைக்ரோஸ்கோப்பில் வைத்துக் குனிந்தால், சுவர். செங்கல் செங்கலாக அடுக்கிய சுவர். ஒவ்வொரு செங்கல்லுக்குள்ளும் ஒரு புள்ளி, யாரோ பொட்டு வைத்துவிட்டுப் போனதுபோல. முதன்முதலாகப் பார்க்கிற பெண் கத்துவாள். கத்தாதவளை நான் நம்பமாட்டேன், இன்னொருமுறை பார்க்கச் சொல்வேன்.

சாயமும் எங்கள் ஊர்ச் சாயம்தான். பள்ளிக்கு வந்த புட்டி தீர்ந்துபோய், எழுதிக் கேட்டு அலுத்திருந்த ஒரு வருடம், சாயப்பட்டறைக்காரர் வீட்டுப் பெண் ஒருத்தி காகிதப் பொட்டலங்களில் பட்டுக்குப் போடுகிற தூள்களைக் கொண்டுவந்தாள். ரோஸ் பிடிக்கவில்லை. பச்சை கழுவினதும் ஓடிப்போனது. ஒரு கத்திரிப்பூ நிறம் மட்டும் அந்தப் புள்ளியைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. முகூர்த்தப் புடவை நிறத்தில் வெங்காயம். அன்று அந்த வகுப்பில் பதினேழு வயதுப் பெண்களும் நானும் போட்ட கூச்சலுக்குப் பக்கத்து அறைக் கணக்கு சார் எட்டிப்பார்த்து, "பாம்பா?" என்றார்.

வெள்ளி மதியம் இரண்டு பீரியடு. அதுதான் எங்களுக்கு மிச்சமிருந்த செய்முறை நேரம். எங்களுக்கு என்றால் எனக்கும் விலங்கியல் டீச்சருக்கும். என்னைவிட ஆறு வயது இளையவள். அக்கா என்றுதான் கூப்பிடுவாள். பதினோரு வருடம் ஒரே ஆய்வகம், ஒரே பூட்டு, ஆளுக்கொரு சாவி. மதியம் அவள் இரண்டு டப்பா கொண்டுவருவாள், ஒன்று அவளுக்கு, சின்னது எனக்கு. "வெங்காயம் போடாம தனியா எடுத்து வெச்சது அக்கா, பயப்படாம சாப்புடுங்க." கூடப் பிறந்தவர்கள்கூட எனக்காக இப்படி ஒரு கரண்டியைத் தனியாக வைத்ததில்லை.

லிஸ்ட் என்கிற சங்கதியை இங்கே சொல்லியாகவேண்டும். பன்னிரண்டாம் வகுப்புச் செய்முறைத் தேர்வில் மேசைமேல் A, B, C என்று சீட்டு ஒட்டி வரிசையாகப் பொருள்களை வைப்போம். செடியோ, படமோ, மைக்ரோஸ்கோப்பில் ஏற்றிய ஸ்லைடோ. பெண்கள் ஒவ்வொன்றாகப் பார்த்து, இது இன்னது, இன்ன காரணத்தால் என்று எழுதவேண்டும். எந்த எழுத்தில் எது இருக்கிறது என்று முந்தின நாளே பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுவதுதான் லிஸ்ட். இதைத் திருட்டு என்று யாரும் நினைப்பதில்லை. பரீட்சைக்கு முன்னால் பிள்ளையார் கோயிலுக்குப் போய்வருவதுபோல அதுவும் ஒரு சடங்கு. நான் படித்த காலத்தில் எனக்கும் கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை, பெண்கள் போன பிறகு ஸ்லைடுகளைக் கழுவிக்கொண்டே நான்தான் ஆரம்பித்தேன். "ரெண்டு வருசம் பாரு பாருன்னு கத்திட்டு, கடைசி நாள்ல பாக்காதன்னு நம்மளே சொல்றோமே, இது இன்னா நியாயம்?"  அவள் ஈரக்கையை மைக்ரோஸ்கோப் தலைமேல் வைத்தாள். "இதும்மேல சத்தியம் அக்கா. இனிமே லிஸ்ட் கிடையாது." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நானும் சிரித்துக்கொண்டுதான் கேட்டுக்கொண்டேன். ஆனால் நான் அதை நம்பினேன். அதற்குப் பிறகு வந்த இரண்டு வருடமும் எங்கள் பெண்கள் தேர்வில் ஓர் எழுத்துப் பிசகாமல் எழுதினார்கள். விடைத்தாள்களைப் புரட்டும்போது என் நெஞ்சு நிறைந்து வழியும். வெள்ளிக்கிழமைகள் வீண்போகவில்லை, பார்க்கக் கற்றுக்கொண்டுவிட்டார்கள் என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டே இருப்பேன். என் வீட்டுக்காரர், "போதும், தூங்கவிடு" என்பார்.

இந்த வருட வகுப்பில் நாற்பத்து மூன்று பெண்கள். அதில் இருவரைப்பற்றிச் சொல்லவேண்டும்.

ஒருத்தி நெசவுக்காரர் வீட்டுப் பெண். பாவில் அறுந்த இழையைக் கண்ணை மூடிக்கொண்டு முடிபோடுகிற விரல்கள். பிளேடைக் கையில் எடுத்தால் தண்டிலிருந்து சீவல் சீவலாக, தண்ணீரில் போட்டால் இருக்கிறதா இல்லையா என்று தேடவேண்டிய மெல்லிசில் வரும்.

இன்னொருத்தி கலசப்பாக்கம் தாண்டி ஒரு கிராமத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவள். அப்பாவும் அம்மாவும் கூலி வேலை. அவளுக்கு அக்ரி காலேஜ் சேரவேண்டும். சொந்தமாக ஒரு செண்டு நிலம் இல்லாத வீட்டிலிருந்து விவசாயம் படிக்கக் கிளம்பியிருக்கிறாள் என்று தோழிகள் கலாய்ப்பார்கள். "இன்னாடி, எங்க போய் ஏர் ஓட்டப் போற, பஸ் ஸ்டாண்ட்லயா?" அவள் சளைக்கமாட்டாள். "உங்க அப்பன் நெலத்துலதான்டி. நீதான் எனக்குக் கஞ்சி கொண்டாரணும்." அந்தக் காலேஜுக்கு அரை மார்க்கில் இடம் போகும் என்று அவளுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் அவள் கையில் பிளேடு நிற்காது. அவள் வெட்டுகிற துண்டு எப்போதும் தடிமன். "மிஸ், இவ தோச ஊத்திகினு இருக்கா!" என்று கத்துவார்கள். தோசை ஊற்றினவள் மைக்ரோஸ்கோப்பை விட்டு நகரமாட்டாள். மற்றவர்கள் ஒரு தடவை பார்ப்பதை அவள் நாலு தடவை பார்ப்பாள்.

பொங்கல் விடுமுறை முடிந்து வந்த வெள்ளிக்கிழமை மக்காச்சோளத் தண்டு வெட்டினோம். ஒருவிதையிலைத் தாவரம், பெண்கள் வாயில் மோனோகாட். அவரை, சூரியகாந்தி மாதிரி இருவிதையிலைத் தாவரம் என்றால் டைகாட். இரண்டையும் குறுக்கே வெட்டிப் பார்த்தால் குழப்பமே வராது. டைகாட் தண்டில் நீர் ஏற்றுகிற கற்றைகள் கும்மியடிக்கிற பெண்களைப்போல வட்டம் கட்டி நிற்கும். மோனோகாட்டில் சந்தைக்கு வந்த ஜனம்போலச் சிதறிக் கிடக்கும். அதிலும் மக்காச்சோளத்தில் ஒவ்வொரு கற்றையும் ஒரு குட்டி முகம், இரண்டு கண், ஒரு வாய். "மிஸ், குரங்கு மூஞ்சி! அய்யோ, எல்லாம் என்னியே மொறைக்குது!"

நெசவுக்காரர் வீட்டுப் பெண் அன்று வெட்டிய ஒரு துண்டு அத்தனை அழகு. வைத்துக்கொள்ள நல்ல கண்ணாடி இல்லை. அலமாரியில் ஒரு பழைய ஸ்லைடு இருந்தது, மூலை உடைந்தது. நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பிருந்தே அது டைகாட் தண்டு. உள்ளே இருந்த துண்டு காய்ந்து பொடியாகி, அதில் பார்க்க எதுவும் மிச்சமில்லை. பெண்கள் போன பிறகு அதைச் சுரண்டிக் கழுவித் துடைத்து, கத்திரிப்பூச் சாயம் ஏறிய மக்காச்சோளத்தை அதில் ஏற்றி, மேலே சின்னக் கண்ணாடியை மூடினேன். ஒரு பெண் மறந்து விட்டுப்போன நெயில் பாலிஷால் ஓரத்தை அடைத்தேன். பிப்ரவரியில் தேர்வு வந்தபோது அதைத்தான் C-க்கு என்று தட்டில் எடுத்து வைத்தேன். யாரையும் சிக்கவைக்க அல்ல. அழகாக இருந்தது, அதனால் வைத்தேன். இதை நான் இதுவரை யாரிடமும் இத்தனை தெளிவாகச் சொன்னதில்லை. சொல்லவேண்டியவளிடம் சொன்னபோது அவள் நம்பவில்லை.

தேர்வு நாள். போளூர்ப் பக்கத்துப் பள்ளியிலிருந்து வெளித்தேர்வாளராக ஒரு சார் வந்திருந்தார். தங்கமான மனிதர். நாலு மணி பஸ்ஸைப் பிடிக்கவேண்டும் என்று வந்ததும் சொல்லிவிட்டார். தட்டில் இருந்ததைப் பார்த்தார், தலையாட்டினார், நாங்கள் வரிசைப்படுத்தினோம். மணி அடித்தால் ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்கு நகரவேண்டும்.

நான் C மேசைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன். அந்தக் குரங்கு முகங்களைப் பார்த்து அவர்கள் முகம் எப்படி மலரும் என்று பார்க்கத்தான் நின்றேன்.

முதல் பெண் வந்தாள். குனியவில்லை. ஸ்லைடின் உடைந்த மூலையை ஒரு பார்வை பார்த்தாள், எழுதினாள். இரண்டாவது பெண் குனிந்தாள், கண் மூடியிருந்தது. மூன்றாவது. நாலாவது.  நெசவுக்காரர் வீட்டுப் பெண் வந்தபோது, இவள் பார்ப்பாள், தான் வெட்டியது இவளுக்குத் தெரியாமல் போகுமா என்று நினைத்தேன். அவள் மூலையைப் பார்த்தாள். அவளே வெட்டிய துண்டு கண்ணுக்கு ஒரு சாண் கீழே வெளிச்சத்தில் மின்னிக்கொண்டிருக்க, எழுதிவிட்டு, மீதி நேரத்துக்குப் பேனா மூடியைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

தோசைக்காரி வந்தாள். மூலையைப் பார்த்தாள். ஒரு கணம் நின்றாள். பிறகு குனிந்தாள். திருகினாள், தலையை எடுத்தாள், மறுபடியும் குனிந்தாள். மணி அடித்தும் நகரவில்லை. பின்னால் நின்றவள் அவள் முதுகில் விரலால் குத்தினாள். "ஜல்தி போடி, பேஜாரு புடிச்சவளே." அவள் எழுதின பிறகே நகர்ந்தாள்.

மூன்று மணிக்கு விடைத்தாள்கள் என் கையில். நாற்பத்திரண்டு தாளில் C டைகாட் தண்டு. காரணம்: கற்றைகள் வட்டமாக உள்ளன. எல்லாவற்றிலும் அதே வாக்கியம், அதே வரிசையில். வட்டமாக உள்ளன! இல்லாத வட்டத்தை நாற்பத்திரண்டு பேர் பார்த்திருக்கிறார்கள். ஒரே ஒரு தாளில் மட்டும் மோனோகாட் தண்டு, கற்றைகள் சிதறி உள்ளன, ஓரத்தில் ஒரு சின்னப் படம். கற்றைகளுக்குக் கண்ணும் வாயும் போட்டிருந்தாள்.

சார் வராந்தாவில் டீ குடித்துக்கொண்டிருந்தார். அவள் உள்ளே லென்ஸ்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள், என் விலங்கியல் டீச்சர், என் சின்ன டப்பாக்காரி.

"லிஸ்ட் குடுத்தியா?"

கை நிற்கவில்லை. துடைத்துக்கொண்டே சொன்னாள். "எச்.எம். கூப்ட்டு சொன்னாங்க அக்கா. ரிசல்ட்டு குறைஞ்சா வெள்ளிக்கிழம பீரியட எடுத்து கோச்சிங்குக்குக் குடுத்துருவேன்னு சொன்னாங்க. நான் இன்னா பண்ணட்டும்?"

"எப்ப குடுத்த?"

"நேத்து சாயங்காலம். நீங்க போனப்புறம் போன்ல அனுப்பிச்சேன்."

நான் போன பிறகு. பொழுது சாய்வதற்குள் சாப்பிடவேண்டும் என்று எல்லோருக்கும் முன்னால் நான் கிளம்பிவிடுவேன். ஆய்வகச் சாவியை அவளிடம் காட்டி, "நீ பூட்டிக்க" என்று சொல்லிவிட்டு நிம்மதியாக நடப்பேன். எனக்குப் பின்னால் அந்த ஒரு மணி நேரம் என்ன ஆகிறது என்று ஒருநாளும் நான் யோசித்ததில்லை.

"இந்த வருசம் மட்டுமா?"

இப்போதுதான் கை நின்றது.   போன வருடமும் அதற்கு முந்தின வருடமும் ஓர் எழுத்துப் பிசகாமல் வந்த அத்தனை தாளும், வீட்டில் ஒவ்வொருவரிடமும் நான் சொல்லித் தீர்த்த பெருமையும் அந்த மௌனத்துக்குள் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டிருந்தன. சத்தியம் செய்த அந்த வருடமே கொடுத்திருக்கிறாள். பெண்களும் சொல்லாமல் என்னிடம் வந்து வெங்காயத்தைப் பார்த்துக் கத்தியிருக்கிறார்கள்.

"நீங்க மட்டும் இன்னா?" என்று திடீரென்று திரும்பினாள். கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை. "மூல ஒடஞ்சதுல வேறத்த ஏத்தி வெச்சிகினு எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னீங்களா? வேணும்னே வெச்சீங்க. என்ன மாட்டிவுடத்தான வெச்சீங்க?"

"அழகா இருந்துச்சின்னு வெச்சேன்டி."

"யாருகிட்ட சொல்றீங்க!"

"நீ குனிஞ்சு பாத்திருக்கலாமே. தட்டு நேத்து முழுக்க உங்கிட்டதான இருந்துச்சி? நீயும் பயாலஜி டீச்சர்தான?"

அவள் துணியை மேசைமேல் போட்டாள். பார்க்கவில்லை. அவளும் உடைந்த மூலையைத்தான் பார்த்திருக்கிறாள்.

சார் உள்ளே வந்தார். விஷயத்தைக் கேட்டு அதிர்ச்சியடைவார் என்று பார்த்தால், கடிகாரத்தைப் பார்த்தார். "இதுக்கா இவ்ளோ டென்ஷன்? C டைகாட்டுன்னே வெச்சிக்குவோம் மேடம். பொண்ணுங்க எல்லாம் எழுதியிருக்குதுங்க. நாளைக்கு யார் வந்து ஸ்லைட பாக்கப் போறாங்க?"

"ஒரு பொண்ணு பாத்திருக்குது சார்."

"ஒரு பொண்ணுதான?"

"அந்தப் பொண்ணு சரியா எழுதியிருக்குது. அதுக்கு மூணு மார்க் போகும். அது அக்ரிக்குப் போறதுக்குப் படிச்சிகினு இருக்குது."

"அப்ப நாப்பத்திரண்டு பேருக்கும் கொறைக்கச் சொல்றீங்களா அக்கா?" என்றாள் அவள். "நம்ம புள்ளைங்கதான அதுங்களும்? மத்த ஸ்கூல்ல எல்லாம் குடுத்துகினுதான இருக்காங்க. நம்ம பொண்ணுங்க மட்டும் இன்னா பாவம் பண்ணுச்சிங்க?"

  பேனாவைக் கையில் எடுக்கமாட்டேன் என்றேன். என் கையெழுத்து இல்லாமல் விடைத்தாள் கட்டு போகாது. சார் இன்னொருமுறை கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றரை.

"சரி மேடம். உங்களுக்கும் வேணாம், அவங்களுக்கும் வேணாம். ரெண்டு விடையும் கரெக்ட்டுன்னு போட்டுருவோம். எல்லாருக்கும் ஃபுல். அந்தப் பொண்ணுக்கும் ஃபுல். ஆச்சா?"

ஆச்சு. கையெழுத்துப் போட்டேன். தோசைக்காரிக்கு ஒரு மார்க்கும் குறையவில்லை, நான் விட்டுக்கொடுக்கவில்லை என்று நினைத்தேன். ஏதோ ஜெயித்துவிட்டவள்போலக்கூட இருந்தது. சார் நாலு மணி பஸ்ஸைப் பிடித்தார்.

மறுநாள் மதியம் மேசைமேல் சின்ன டப்பா இருந்தது, வழக்கம்போல. திறக்காமல் அப்படியே அவள் பக்கம் நகர்த்தி வைத்தேன். அவளும் அதைத் திரும்ப நகர்த்தவில்லை. சாயங்காலம் வரை இரண்டு பேருக்கும் நடுவில் இருந்தது.

ரெக்கார்டு நோட்டைத் திருப்பி வாங்கிப்போகப் பெண்கள் வந்தார்கள். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. நெசவுக்காரர் வீட்டுப் பெண் மட்டும் வாசலில் நின்று, "மிஸ், C நான் வெட்டுனதாமே?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "ச்சே" என்றாள். வருத்தமா, கைநழுவிப்போன ஒன்றைப்பற்றிய எரிச்சலா என்று கண்டுபிடிக்கமுடியாத ச்சே. போய்விட்டாள்.

கடைசியாகத் தோசைக்காரி வந்தாள். எல்லோரும் போகட்டும் என்று காத்திருந்து வந்ததுபோல இருந்தது. நான் முந்திக்கொண்டேன். "உன்கிட்ட போன் இல்லாததால லிஸ்ட் வரலன்னு நெனைக்கிறேன். நல்லதாப் போச்சு."

"வந்துச்சி மிஸ். கூட பஸ்ல வர்றவ சொன்னா. C டைகாட்டு, மூல ஒடஞ்சதுன்னு."

"அப்புறம் ஏன் மாத்தி எழுதின?"

அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். "பாத்தேன் மிஸ். வேற இருந்துச்சி."

பத்தொன்பது வருடம் வேலை பார்த்ததற்கு அந்த ஒரு வாக்கியம் போதும் என்று தோன்றியது. அவளுக்கு ஏதாவது கொடுக்கவேண்டும்போல இருந்தது. மதிப்பெண்ணை வெளியில் சொல்லக்கூடாது. சொன்னேன். "உனக்கு ஃபுல் மார்க்."

"அவங்களுக்கு?"

மேசைமேல் மிச்சமிருந்த நோட்டுகளை அடுக்கினேன்.

"எல்லாருக்கும் ஃபுல்லுன்னு பேசிக்கிறாங்க. மெய்தானா மிஸ்?"

"உனக்கு ஒண்ணும் குறையலையேம்மா."

"குறையல." நோட்டை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். கோபமில்லை, அழுகையில்லை. கணக்கில் விடை இடிக்கும்போது ஒரு பெண் எப்படி நெற்றியைச் சுருக்குவாளோ அப்படிச் சுருக்கினாள். "அவங்களுக்கும் கரெக்ட்டு, எனக்கும் கரெக்ட்டு. அப்ப C-ல இன்னாதான் மிஸ் இருந்துச்சி?"

"மோனோகாட்தான். நீ எழுதினதுதான்."

"நீங்க கையெழுத்துப் போட்டதுல அப்டி இல்லியே மிஸ்."

அவ்வளவுதான் சொன்னாள். நான் ஏதோ சொல்ல ஆரம்பித்தேன், எச்.எம்., கோச்சிங், வெள்ளிக்கிழமை, நாற்பத்திரண்டு பேர் என்று. எல்லாம் முந்தின நாள் இன்னொருத்தி என்னிடம் சொன்ன வார்த்தைகள் என்பது பாதியில்தான் எனக்கே கேட்டது. நிறுத்திக்கொண்டேன்.

அவள் C மேசையைப் பார்த்தாள். மைக்ரோஸ்கோப் இன்னும் அங்கேயே இருந்தது, ஸ்லைடையும் யாரும் எடுத்து வைத்திருக்கவில்லை. "மிஸ், ஒரு வாட்டி பாத்துக்கட்டுமா?"

"நான்தான் சொல்றேனே, மோனோகாட்."

"செரி மிஸ்" என்றாள் மரியாதையாக. என் வார்த்தையை அங்கேயே விட்டுவிட்டு மேசைக்குப் போனாள். நோட்டைக் கீழே வைத்தாள், ஜன்னல் பக்கம் மைக்ரோஸ்கோப்பின் அடிக்கண்ணாடியைத் திருப்பி வெளிச்சம் பிடித்தாள், குனிந்தாள். திருகினாள். தலையை எடுத்தாள். மறுபடியும் குனிந்தாள்.

வெளியே வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. நான் வீட்டுக்குக் கிளம்பவேண்டிய நேரம். கிளம்பாமல், அவள் பார்த்து முடிக்கட்டும் என்று நின்றுகொண்டிருந்தேன்.